மிதித்தும் ஏறாத வண்டி: சி.என்.ஜி. காரில் பிக்கப் எங்கே போகிறது?

"ஐடிலிங் நல்லா இருக்குண்ணே. மெதுவா போனா ஒண்ணும் தெரியல. பாலம் ஏறும்போது மூணாவது கியர்ல மிதிச்சா மட்டும் வெட்டுது." சி.என்.ஜி. கார்களைப் பார்க்கும் பட்டறைகளுக்கு இந்தப் புகார் புதிதல்ல. "கேஸ் வண்டின்னா அப்படித்தான்" என்பது பல இடங்களில் கிடைக்கும் பதில். அதைவிடச் செலவு வைக்கும் பதிலும் ஒன்று உண்டு. முதலில் பிளக்கை மாற்றுவார்கள். சரியாகாவிட்டால் காயில், அடுத்து ரெகுலேட்டர், கடைசியில் இன்ஜெக்டர். நான்காவது தடவை வண்டி ஓடத் தொடங்கியதும் மற்ற மூன்று பாகங்களும் பாழாய்ப்போன பணம் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

அந்த ஓட்டுநர் சொன்ன மூன்று வாக்கியங்களிலேயே பாதி விடை இருக்கிறது. வெறுமனே நிற்கும்போது கோளாறு இல்லை, சுமை ஏறும்போது இருக்கிறது. 'எந்தப் பாகம் கெட்டது?' என்று கேட்கும் முன் 'எப்போது கெடுகிறது?' என்று கேட்க வேண்டும். இயற்கை வாயு எஞ்சினின் இயற்பியல் அந்தக் கேள்விக்கு வியக்கத்தக்க துல்லியத்தோடு பதில் சொல்கிறது. பெட்ரோல் பொறுத்துக்கொள்ளும் பல குறைகளை இயற்கை வாயு பொறுத்துக்கொள்வதில்லை. எனவே கேஸில் வெளிப்படும் கோளாறு எல்லாமே கேஸ் கிட்டின் கோளாறு ஆகிவிடாது.

இயல்பாகக் குறைவது எவ்வளவு?

கோளாறைத் தேடும் முன், கோளாறே இல்லாத வண்டி எவ்வளவு இழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். சி.என்.ஜி. என்பது பெரும்பாலும் மீத்தேன். ஒரு பங்கு மீத்தேன் முழுதாக எரிய இரண்டு பங்கு ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்பதால், அதற்கு ஏறத்தாழ ஒன்பதரைப் பங்கு காற்று தேவை. அதாவது சிலிண்டருக்குள் போகும் கலவையில் பத்தில் ஒரு பங்கு இடத்தை எரிபொருளே பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவி எடுத்துக்கொள்ளும் இடம் இரண்டு சதவீதம்கூட இல்லை. எஞ்சினின் கொள்ளளவு மாறாதபோது எரிபொருள் இடம் பிடித்தால் காற்று குறைகிறது, காற்று குறைந்தால் சக்தி குறைகிறது. பெட்ரோலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. திரவமாகத் தெளிக்கப்பட்டு ஆவியாகும்போது உள்ளே வரும் காற்றை அது குளிர்விக்கிறது, குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஏற்கெனவே வாயுவாக வரும் மீத்தேனால் அந்த உதவியைச் செய்ய முடியாது.

இரண்டும் சேர்ந்து என்ன ஆகும் என்பதை ஒரு லிட்டர் எஞ்சின் கொண்ட வேகன்-ஆர் காரில் பார்க்கலாம். பெட்ரோலில் சுமார் 67 குதிரைத்திறன் தரும் அந்த எஞ்சின் கேஸில் சுமார் 57 தருகிறது. ஏறத்தாழ 15 சதவீதம் இழப்பு. இதோடு கேஸ் நிரப்பும் எஃகுச் சிலிண்டரும் அதன் தாங்கிகளும் சேர்ந்து வண்டியின் எடையை 80, 90 கிலோ கூட்டுகின்றன. நான்கு பேர் ஏறிய நிலையில் கணக்குப் போட்டால் பெட்ரோல் காரில் ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டிய எடை சுமார் 16 கிலோ. கேஸ் காரில் அது 20 கிலோவைத் தாண்டுகிறது. கால் பங்குக்கு மேல் கூடுதல் சுமை. இது பழுது அல்ல, இதை எந்த மெக்கானிக்காலும் 'சரி' செய்ய முடியாது.

மீத்தேனுக்கு ஈடுகட்டும் குணம் ஒன்று இருக்கிறது. அதன் ஆக்டேன் எண் 120-க்கு மேல். நாக்கிங் இல்லாமல் மிக அதிகமான அழுத்த விகிதத்தைத் தாங்கும். கேஸுக்கென்றே வடிவமைத்த எஞ்சின்களில் இந்தக் குணத்தைப் பயன்படுத்தி இழந்த சக்தியை ஓரளவு மீட்டுவிடுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 1998 உத்தரவுக்குப் பின் டெல்லியின் நகரப் பேருந்துகள் முழுக்கச் சி.என்.ஜி.க்கு மாறின. அங்கே கேஸ் மட்டுமே எரிபொருள் என்பதால் அதற்கேற்ற எஞ்சினை வைக்க முடிந்தது. நம் கார்களோ இரண்டிலும் ஓட வேண்டும். அழுத்த விகிதத்தைக் கூட்டினால் பெட்ரோலில் நாக்கிங் அடிக்கும். ஆகவே மீத்தேனின் அந்தப் பலம் பயன்படாமலே கிடக்கிறது.

சூடும் உயரமும்கூட கணக்கில் வரும். 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று 6 சதவீதம் லேசானது. ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மே மாத மத்தியானம் ஏ.சி. போட்டுக்கொண்டு மலை ஏறும் சி.என்.ஜி. கார் திணறுவதில் ஆச்சரியம் இல்லை. முந்தைய மாதம் ஏறிய அதே பாலத்தை, அதே ஆட்களோடு, அதே கியரில் இப்போது ஏற முடியவில்லை என்றால்தான் கோளாறு இருக்கிறது. ஒப்பிட வேண்டியது பெட்ரோல் காரோடு அல்ல, அதே காரின் நேற்றைய நிலையோடு.

முதல் சோதனை: பொத்தானை அழுத்திப் பாருங்கள்

இரட்டை எரிபொருள் வண்டியில் ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத சோதனைக் கருவி டேஷ்போர்டிலேயே இருக்கிறது. எரிபொருள் மாற்றும் பொத்தான்தான் அது. கேஸில் திணறும் அதே இடத்தில், அதே கியரில், பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலிலும் அதே திணறல் என்றால் கேஸ் கிட்டைத் தொடவே வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் குறை. ஏர் ஃபில்டர் தூசியால் அடைத்திருக்கலாம். ஆர்.பி.எம். ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அதன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆர்.பி.எம். ஏற ஏற மூச்சடைப்பது போல் எஞ்சின் தயங்கினால் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸில் மட்டும் திணறினால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "பெட்ரோல்ல சூப்பரா ஓடுது, அப்ப கேஸ் கிட்தான்" என்ற முடிவு நியாயமாகத் தோன்றும். ஆனால் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் பொதுவான ஒரு பாகம் பெட்ரோலில் தன் பலவீனத்தைக் காட்டாமல் கேஸில் மட்டும் காட்டும். அது தீப்பொறி அமைப்பு.

ஒரு மில்லிமீட்டரில் இருக்கும் கதை

ஸ்பார்க் பிளக்கின் நடு முனைக்கும் அதன் மேல் வளைந்து நிற்கும் முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவுதான். அந்த இடைவெளியில் உள்ள வாயுவைக் கிழித்துக்கொண்டு பொறி தாவ எவ்வளவு வோல்டேஜ் வேண்டும் என்பதை 1889-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃப்ரீட்ரிக் பாஷென் ஆராய்ந்து சொன்னார். அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் அளவைப் பொறுத்து அந்த வோல்டேஜ் அமைகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் நிலைமைகளில் அழுத்தம் கூடினாலும் வோல்டேஜ் தேவை ஏறும், இடைவெளி கூடினாலும் ஏறும்.

இதைப் பாலம் ஏறும் காருக்குப் பொருத்திப் பாருங்கள். ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். சிலிண்டருக்குள் நுழையும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்ததும் அது ஏறத்தாழ முழு வெளிக்காற்று அழுத்தத்துக்குப் போகிறது. பிஸ்டன் அதை நசுக்கிய பின் பொறி தாவ வேண்டிய கணத்தில் பிளக்கைச் சுற்றியுள்ள அழுத்தமும் மூன்று மடங்கு ஆகியிருக்கும். ஆகவே பொறிக்கு மின்சாரம் தரும் காயிலிடம் கேட்கப்படும் வோல்டேஜும் வெகுவாக உயர்கிறது. ஐடிலிங்கில் சமாளித்த காயில் இங்கே தோற்கிறது. இடைவெளியைத் தாண்ட முடியாத மின்சாரம் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேலோ, விரிசல் விட்ட ரப்பர் உறை வழியாகவோ எஞ்சின் உடம்புக்கு ஓடிவிடுகிறது. அந்தச் சுற்றில் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. ஓட்டுநர் 'வெட்டுது' என்று சொல்வது இதைத்தான்.

பெட்ரோலில் ஏன் வெட்டவில்லை? பெட்ரோல் ஆவி கலந்த காற்றைவிட மீத்தேன் கலந்த காற்றில் பொறி தாவ அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை 540 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பெட்ரோலுக்கு அதில் பாதிதான். மீத்தேன் எளிதில் பற்றாத எரிபொருள், அதன் பாதுகாப்புக்குக் காரணமான குணமும் அதுதான். ஆகவே பாதி தேய்ந்த பிளக்கில் பெட்ரோல் தாராளமாக எரியும், கேஸ் எரியாது. கேஸ் கார்களில் பிளக் இடைவெளியைப் பெட்ரோல் காருக்கு வைப்பதைவிடக் குறைவாக, பல மாடல்களில் 0.7, 0.8 மில்லிமீட்டர் அளவில், வைப்பது இதனால்தான். உங்கள் வண்டிக்கு அதன் கையேடு சொல்லும் எண்ணே இறுதி.

ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பிளக்கைக் கழற்றி ஒளியில் பிடித்துப் பாருங்கள். கூர்மையான விளிம்போடு தட்டையாக இருந்த நடு முனை உருண்டு மழுங்கியிருக்கும். ஒவ்வொரு பொறியும் உலோகத்தில் ஓர் அணுத்திரளைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. ஃபீலர் கேஜ் வைத்தால் 0.8 இருந்த இடத்தில் 1.1 காட்டும். கூடவே பீங்கானைப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போன்ற கருங்கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியாகத் தப்பியிருக்கிறது. அந்தக் கோடு இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. அதைப் போர்த்தியிருந்த ரப்பர் உறையிலும் அதே இடத்தில் கரித்தடம் இருக்கும். அதையும் மாற்றாவிட்டால் புதுப் பிளக்கும் சில வாரங்களில் அதே கோட்டை வாங்கிக்கொள்ளும்.

நிரம்பியபோது வரும் திணறல், காலியாகும்போது வரும் திணறல்

தீப்பொறி சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே வாயு வரும் பாதைக்குப் போக வேண்டும். பின்னால் இருக்கும் சிலிண்டரில் முழுதாக நிரப்பியபோது 200 பார் அழுத்தம். எஞ்சினின் இன்ஜெக்டர்களுக்குத் தேவையோ சில பார் அளவே. நடுவே இருந்து அழுத்தத்தைக் குறைப்பது ரெகுலேட்டர். ரெட்யூசர் என்றும் சொல்வார்கள்.

அழுத்தத்தில் அடைபட்ட வாயு ஒரு குறுகிய வழியே விரிந்து வெளியேறும்போது குளிர்கிறது. ஜேம்ஸ் ஜூலும் வில்லியம் தாம்சனும் 1852-இல் கண்டறிந்த விளைவு இது. மீத்தேன் 200 பாரிலிருந்து சில பாருக்கு இறங்கும்போது வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால் 60 டிகிரி வரை குளிர்ந்துவிடும். 35 டிகிரி வெயிலில் புறப்பட்ட வாயு பனிக்கட்டி நிலைக்குக் கீழே போய்விடுகிறது. இதைத் தடுக்கத்தான் எஞ்சினின் சூடான கூலண்ட்டை இரண்டு குழாய்கள் வழியாக ரெகுலேட்டருக்குள் சுற்ற விடுகிறார்கள். ஒரு லிட்டர் எஞ்சின் முழுச் சக்தியில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 3 கிராம் வாயு எரிகிறது. அந்த வாயுவின் குளிரை ஈடுகட்ட நொடிக்கு 400 ஜூல் அளவுக்குச் சூடு வேண்டும். ஐடிலிங்கில் வாயுவின் தேவை இதில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கம்தான், சூட்டின் தேவையும் அப்படியே.

கூலண்ட் குறைந்துவிட்டாலோ, கூலண்ட் மாற்றியபோது குழாயில் காற்று தங்கிவிட்டாலோ, உள்ளே துருவும் சுண்ணாம்பும் படிந்து அடைத்தாலோ அந்த 400 ஜூல் வந்து சேராது. ரெகுலேட்டரின் மேல் முதலில் வியர்க்கும், பிறகு வெண்பனி பூக்கும். உள்ளே ரப்பர் டயஃப்ரம் குளிரில் விறைத்து, திறக்க வேண்டிய வேகத்தில் திறக்காது. வாயுவில் ஈரம் இருந்தால் குறுகிய துளையில் உறைந்து அடைக்கவும் கூடும். நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி மெல்ல மெல்ல இழுவை இழந்து, ஓரம் கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி சரியாகிவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடு பரவிப் பனி கரைந்திருக்கும். பட்டறைக்கு வந்து சேரும்போது சுவடே இருக்காது. நின்ற இடத்திலேயே பானெட்டைத் திறந்து ரெகுலேட்டரைப் பார்ப்பதுதான் இதைக் கண்டுபிடிக்க உறுதியான வழி. ஓடி வந்த சூட்டில் அதற்குப் போகும் இரண்டு கூலண்ட் குழாய்களும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது சில்லென்றும் இருந்தால் ஓட்டம் நின்றிருக்கிறது.

இங்கே 'எப்போது?' என்ற கேள்வி எவ்வளவு உதவுகிறது பாருங்கள். அழுத்த வித்தியாசம் அதிகமாக இருக்கும்போதுதான் குளிர்ச்சி அதிகம். ஆகவே உறையும் கோளாறு சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது, அதிலும் வேகமாக ஓட்டும்போது, முதலில் தலைகாட்டும். பாதையில் எங்காவது அடைப்பு இருந்தால் நேர்மாறாக நடக்கும். 200 பார் பின்னாலிருந்து தள்ளும்போது அடைபட்ட கேஸ் ஃபில்டர் வழியாகவும் தேவையான வாயு வந்துவிடும். சிலிண்டர் பாதிக்குக் கீழே இறங்கியதும் தள்ளும் பலம் குறைந்து, அடைப்பு தெரியத் தொடங்கும். பம்ப்பில் நிரப்பிக்கொண்டு வந்த உடனே திணறினால் குளிர் மேல் சந்தேகம் வர வேண்டும். அளவுமானியில் புள்ளிகள் குறையும்போது மட்டும் திணறினால் அடைப்பின் மேல் சந்தேகம் வர வேண்டும். இரண்டு வாரம் ஓட்டுநர் இதைக் கவனித்துச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி முடிந்துவிடும்.

நிற்கும்போது காட்டும் அழுத்தத்தை நம்பக் கூடாது

பாதை அடைப்பைத் தேடும்போது செய்யும் பொதுவான தவறு, வண்டியை நிறுத்தி வைத்து அழுத்தம் பார்ப்பது. பாசி பிடித்த தண்ணீர்க் குழாயிலும் பைப்பைத் திறக்காதவரை முழு அழுத்தம் இருக்கத்தான் செய்யும், திறந்தால்தானே நூலாக ஒழுகுவது தெரியும். கேஸ் பாதையிலும் ஓட்டம் இருக்கும்போதுதான் அடைப்பு தன்னைக் காட்டும். ஆகவே ஸ்கேனரை மாட்டிக்கொண்டு ஒருவர் ஓட்ட, மற்றவர் இன்ஜெக்டர்களுக்கு வாயுவைப் பிரித்துத் தரும் கேஸ் ரெயிலின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். முழுக்க மிதிக்கும் கணத்தில் அந்த எண் கொஞ்சம் அசைந்து நிலைப்பட்டால் பாதை நல்லது. சரசரவென்று இறங்கினால் வாயு வந்து சேரவில்லை.

எங்கே அடைக்கும்? சி.என்.ஜி. நிலையத்தின் கம்ப்ரெசர்கள் எண்ணெயிட்டு ஓடுபவை. அந்த எண்ணெய் துளித்துளியாக வாயுவோடு கலந்து வண்டிக்குள் வந்துவிடுகிறது. அது முதலில் ஃபில்டரில் தேங்கி, தூசியோடு சேர்ந்து கரும்பசையாகிறது. ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் இன்ஜெக்டர் வரை போகிறது. 3000 ஆர்.பி.எம்.-இல் ஒரு சிலிண்டரின் முழுச் சுற்று முடிய 40 மில்லி விநாடிதான். அதற்குள் இன்ஜெக்டர் சில மில்லி விநாடி திறந்து மூட வேண்டும். ஐந்து மில்லி விநாடி திறக்க வேண்டிய இன்ஜெக்டர் எண்ணெய்ப் பிசுக்கால் அரை மில்லி விநாடி தாமதித்தால் வாயுவில் பத்து சதவீதம் போய்விட்டது. எல்லா இன்ஜெக்டர்களும் ஒரே அளவில் பிசுபிசுப்பதில்லை. ஒரு சிலிண்டர் நிறைவாகவும் இன்னொன்று பட்டினியாகவும் ஓடும்.

இன்னொரு காரணம் அடிக்கடி கவனத்திலிருந்து தப்பிவிடுகிறது. சிலிண்டர் வால்வில் பாதுகாப்புக்காக ஓட்டக் கட்டுப்பாடு ஒன்று வைப்பதுண்டு. குழாய் உடைந்து வாயு திடீரென்று பாய்ந்தால் அது ஓட்டத்தை ஒடுக்கிவிடும். பழுது பார்த்த பின் வால்வைப் படாரென்று திறந்தால் அந்தப் பாய்ச்சலைக் குழாய் உடைப்பு என்று எடுத்துக்கொண்டு அது வேலை செய்துவிடும். பிறகு ஐடிலிங்குக்குப் போதுமான வாயு கசியும், மிதித்தால் வராது. 'சர்வீஸுக்கு விட்டு எடுத்ததிலிருந்துதான் பிக்கப் இல்லை' என்றால் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா, நிதானமாகத் திறக்கப்பட்டதா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆக்சிஜன் சென்சார் இல்லாத பழைய கிட்களிலும், பழைய ஆட்டோக்களிலும் வாயு போகும் ரப்பர் குழாயில் ஒரு திருகு இருக்கும். மைலேஜ் கூடட்டும் என்று அதை இறுக்கிவிடுவார்கள். கலவை மெலிந்து பிக்கப் போவதோடு எஞ்சினும் கூடுதலாகச் சூடாகும். கேஸில் சேமித்த காசை எஞ்சின் வால்வு வேலைக்குச் செலவழிக்க வேண்டி வரும்.

ஸ்கேனர் சொல்வதை எப்படிப் படிப்பது?

இன்றைய கார்களில் ஆக்சிஜன் சென்சார் புகையை மோந்து பார்த்து, ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 'கலவை மெலிவு' என்று கணினிக்குச் சொல்கிறது. கணினி இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து எரிபொருளைக் கூட்டுகிறது. எவ்வளவு கூட்டியது, எவ்வளவு குறைத்தது என்பதைச் சதவீதமாக எழுதி வைக்கிறது. ஃப்யூயல் ட்ரிம் என்று ஸ்கேனரில் வரும் எண் அதுதான். ஐந்து சதவீதம் இப்படியும் அப்படியும் இருப்பது இயல்பு. இருபதைத் தாண்டினால் ஏதோ சரியில்லை.

அந்த எண் எப்போது ஏறுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஐடிலிங்கில் அதிகமாகவும், மிதிக்கும்போது இயல்புக்கு வந்தும் இருந்தால் எஞ்சினுக்குள் எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் அந்த ஓட்டை காற்றைப் பலமாக இழுக்கும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் கேட்ட வாயு வந்து சேரவில்லை என்று பொருள். ஃபில்டர், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் என்று மேலே பார்த்த பாதைக்குப் போகலாம்.

ஆனால் இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. ஒரு சிலிண்டர் தீப்பொறி இல்லாமல் எரியாது போனால் அதன் கலவையில் இருந்த ஆக்சிஜன் முழுவதும் அப்படியே புகைக்குழாய்க்குப் போகும். சென்சாருக்கு ஆக்சிஜனைத்தான் தெரியும். எரியாத மீத்தேனை அது சரியாக உணராது. ஆகவே 'கலவை மெலிவு' என்றே சொல்லும், கணினியும் கேஸைக் கூட்டும். ஸ்கேனரைப் பார்க்கும் மெக்கானிக்குக் கேஸ் போதவில்லை என்றே தோன்றும். நல்ல ரெகுலேட்டரைக் கழற்றிப் புதிது மாட்டுவார். கோளாறோ தேய்ந்த பிளக்கில் உட்கார்ந்திருக்கும். தீப்பொறியை முதலில் பாருங்கள், பிறகு ஸ்கேனரை நம்புங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

எல்லாம் சரி, இன்னும் இழுக்கவில்லை

பிளக், காயில், கூலண்ட், ஃபில்டர், அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு எரிபொருளிலும் இழுவை குறைவாக இருந்தால், கடைசியாக எஞ்சினின் உள்ளே பார்க்க வேண்டும். பெட்ரோல் விட்டுச்செல்லும் மெல்லிய படலம் வால்வுகளுக்கும் அவை அமரும் வளையங்களுக்கும் நடுவே ஒரு காப்பாக இருக்கிறது. கேஸ் உலர்ந்தது, அந்தக் காப்பைத் தராது. பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சினில் பிற்பாடு கேஸ் கிட் பொருத்தினால், ஓட ஓட வால்வு தன் இருக்கையைத் தேய்த்துக்கொண்டு உள்ளே அமிழும். வால்வு இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவது, சூடானதும் ஒரு சிலிண்டர் சோர்ந்து ஓடுவது இதன் அறிகுறிகள். கம்ப்ரெஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டர்களையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தொழிற்சாலையிலேயே கேஸோடு வரும் எஞ்சின்களில் கடினமான வால்வு இருக்கைகள் வைக்கிறார்கள். அவற்றிலும் கையேடு சொல்லும் தூரத்தில் வால்வு இடைவெளியைச் சோதிப்பது அவசியம்.

கேஸில் மட்டும் தெரியும் காரணம் இன்னொன்றும் உண்டு. மீத்தேன் கலவை பெட்ரோல் கலவையைவிட நிதானமாக எரிவதால் தீப்பொறியைச் சற்று முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தொழிற்சாலை வண்டிகளில் கணினியே இதைச் செய்யும். வெளியில் கிட் பொருத்திய வண்டிகளில் இதற்கென்று தனிக் கருவி வைக்க வேண்டும். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிட்டால், எந்தப் பாகமும் கெடாமலே முதல் நாளிலிருந்து வண்டி சோம்பலாகத்தான் ஓடும். புகையும் கூடுதல் சூட்டோடு வெளியேறி வால்வுகளை வாட்டும்.

எதை நீங்களே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பொத்தானை மாற்றிப் பார்ப்பது, ஏர் ஃபில்டரைப் பார்ப்பது, எஞ்சின் ஆறிய பின் கூலண்ட் அளவைப் பார்ப்பது, பனி பூத்திருக்கிறதா என்று கவனிப்பது, எப்போது திணறுகிறது என்று குறித்துவைப்பது எல்லாம் யாரும் செய்யலாம். 200 பார் அழுத்தமுள்ள குழாய் இணைப்பை ஸ்பேனர் வைத்து இறுக்குவதோ தளர்த்துவதோ அங்கீகரிக்கப்பட்ட பட்டறையின் வேலை. கசிவு வாசனை வந்தால் சோப்பு நுரை போட்டுத்தான் பார்க்க வேண்டும், நெருப்புக் குச்சியை எந்த நிலையிலும் எடுக்கக் கூடாது. மீத்தேன் காற்றைவிட லேசானது என்பதால் திறந்த வெளியில் மேலே போய்விடும். மூடிய கூரைக்குக் கீழே தங்கிவிடும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பி, தேதி பொறித்த தகட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திணறும் வண்டியைப் பொறுத்துக்கொண்டு ஓட்டுவது சொந்தச் செலவோடு முடிவதில்லை. வெட்டும் ஒவ்வொரு தடவையும் எரியாத மீத்தேன் வெளியே போகிறது. எரிபொருட்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு மிகவும் அடங்காதது மீத்தேன்தான். நன்றாகச் சூடேறாத கன்வர்ட்டரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிறது. தூய்மையான எரிபொருள் என்று நம்பி வாங்கிய வண்டி, ஒரு தேய்ந்த பிளக்கால் அந்த நம்பிக்கையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய்யாக்குகிறது.

எண்ணூரில் 2019-இல் திரவ இயற்கை வாயு முனையம் இயங்கத் தொடங்கிய பின் தமிழகத்தில் சி.என்.ஜி. நிலையங்கள் பெருகிவருகின்றன. நாள் முழுதும் ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸி, ஆட்டோக்காரர்கள் கிலோமீட்டருக்கு மிச்சமாகும் பைசாக்களை நம்பித்தான் கேஸுக்கு மாறுகிறார்கள். தேவையில்லாமல் மாட்டிய ஒரு ரெகுலேட்டர் பல மாத மிச்சத்தை விழுங்கிவிடும். ஆகவே பட்டறையில் நீங்கள் உறுதியாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பாகத்தை மாற்றும் முன்பும், அது கெட்டுவிட்டது என்பதற்கான அளவைக் காட்டச் சொல்லுங்கள். பிளக் என்றால் மில்லிமீட்டர், ரெகுலேட்டர் என்றால் சுமையில் ரெயில் அழுத்தம், வால்வு என்றால் கம்ப்ரெஷன். ஒரு நல்ல மெக்கானிக் அந்தக் கேள்வியால் கோபப்பட மாட்டார். அளந்து பார்ப்பதற்கு அவருக்கும் அது ஒரு வாய்ப்பு.